சோபா வளர்த்த பிரானா

கடையில் அவருக்கு சோபா என்று பெயர். முப்பது வருஷமாக சோபா விற்கிறார், அதனால் வந்த பெயர் என்று புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் நினைப்பார்கள். ஒரு மாதம் போனால் அவர்களுக்கே விளங்கிவிடும். யார் வேண்டுமானாலும் வந்து மேலே உட்காரலாம், ஒரு முனகல்கூட வராது. லீவு போட்டவனுக்குப் பதிலாக நிற்பது அவர். கால் உடைந்து போய்ச் சேர்ந்த மேஜைக்காக வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவதும் அவர். குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குட்டுகிறவனும் முட்டாள் என்பார்கள். குனிகிறவனுக்கு முதுகு வலிக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மச்சான், மனைவியின் அண்ணன், அதே கடையின் மேனேஜர். வாங்கிக் கொடுத்ததோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தங்கை வீட்டுக்கு வந்துவிடுவார். ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, அந்த வாரம் மாப்பிள்ளை கடையில் என்னென்ன அசட்டுத்தனம் செய்தார் என்று நடித்துக் காட்டுவார். நன்றாகவே நடிப்பார், பாவி மனுஷன். "உட்கார்ந்து பாருங்க சார், சும்மா உட்கார்ந்து பாருங்க" என்று குரலைக் குழைத்து, இடுப்பை வளைத்து, கைகளைப் பிசைந்து காட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சிரித்துவிடுவார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அதுகூடப் போகட்டும், அண்ணன் தங்கை. கல்லூரியில் படிக்கிற மகளும் சிரிப்பாள். ஒரே பெண். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் பெரிய வீடொன்றுக்கு சோபா இறக்கப் போனார். ஹாலில் ஒரு நீளமான மீன்தொட்டி. அதற்கு முன்னால் சோபாவைப் போடச் சொன்னார்கள். மூட்டை மூட்டையாகத் தூக்கிப் பழகிய இரண்டு தடியன்கள் தொட்டிக்கு நாலடி தள்ளியே சோபாவை வைத்துவிட்டு நின்றார்கள். உள்ளே இருந்தது பிரானா, சதையைக் கடித்துக் குதறுகிற மீன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். கீழ்த்தாடை முன்னால் துருத்திய மீன்கள் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. அவை ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் ஆட்கள் பின்வாங்கினார்கள். சோபா அந்த மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நம் வீட்டு ஹாலிலும் மச்சான் ஒருநாள் இப்படிப் பின்வாங்க வேண்டும், அதை மகள் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே அவர் மனதில் விழுந்துவிட்டது.

மனைவியிடம் சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"எறும்பை மிதிச்சாலே வருத்தப்படுற மனுஷன். உங்களுக்கு எதுக்குங்க கடிக்கிற மீனு?"

"கடிக்கும்னுதான்" என்றார் அவர். அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள்.

ஆச்சரியம் என்னவென்றால், மகள்தான் கூட வந்து நின்றாள். புத்தகம், வீடியோ எல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, உடனே மீன் வாங்கக் கூடாது. முதல்ல மீன் வாழுற மாதிரி தண்ணி பழகணும்" என்றாள். ஹாலில் பளு தாங்குகிற சுவர் ஓரமாக இரும்புத் தாங்கி வந்தது. மட்டம் பார்த்து, தெர்மகோல் விரித்து, அதன் மேல் ஐந்தடித் தொட்டியை நாலு பேர் தூக்கி வைத்தார்கள். மணலை அப்பாவும் மகளும் குளியலறையில் உட்கார்ந்து கழுவினார்கள். எத்தனை தடவை அலசினாலும் வாளித் தண்ணீர் டீ நிறத்திலேயே இருந்தது. "இதைவிடப் படிச்சு பரீட்சை எழுதுறது சுலபம்ப்பா" என்று அவள் சொல்ல, அவர் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து, அதைக் கேட்டு அவள் சிரித்தது எத்தனை காலத்துக்குப் பிறகோ.

பின்னால் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். மீன் ஒளிந்துகொள்ள ஒரு பெரிய மரவேரை ஊறவைத்து உள்ளே போட்டார்கள். வடிகட்டி, தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கிற ஹீட்டர் குச்சி, மேலே கனமான மூடி. தண்ணீர் பழகட்டும் என்று மட்ட ரகச் சின்ன மீன்களை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள். பிறகு அவற்றை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் ஆறு பிரானாக் குஞ்சுகள் பிளாஸ்டிக் பைகளில் வந்தன. ஒவ்வொன்றும் பெரிய நாணயம் அளவு, பக்கமெல்லாம் புள்ளி. பைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமாகும்வரை அப்பாவும் மகளும் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

மீன்கடைக்காரர் அனுப்பும்போதே சொல்லியிருந்தார்: "சார், இதைப் பத்தி ஊர்ல சொல்றதெல்லாம் பாதி புளுகு. ரொம்ப பயந்த மீனு. கூட்டமா இருந்தாதான் தைரியமா இருக்கும். வயிறு மட்டும் காயவிட்டுடாதீங்க. ஒண்ணை ஒண்ணு தின்னுடும். அதுலயும் இருக்கிறதுலயே சின்னதுதான் முதல்ல போகும்."

மகள் தலையாட்டினாள். அவளே இறாலையும் மீன் துண்டுகளையும் வேளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி ஃப்ரீசரில் வைத்தாள். கல்லூரியிலிருந்து வந்ததும் தோள்பையை இறக்காமலே தொட்டி முன்னால் போய் நிற்பாள். ஆறில் ஒன்று மட்டும் வளரவேயில்லை. வாலில் ஒரு ஓரம் கடிபட்டு, எப்போதும் கடைசியாக வந்து கடைசித் துண்டைக் கவ்வும். அதற்குப் பொடிசு என்று பெயர் வைத்தாள். பொடிசுக்கென்று தனியாக ஒரு மூலையில் துண்டு போடுவாள். மற்ற ஐந்தும் பெரிதாகி வயிறு சிவந்தபோதும், சாயங்காலமானால் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "பொடிசு சாப்பிட்டுச்சாப்பா?"

வேண்டியது கிடைத்துவிட்டது என்று அந்த இடத்திலேயே அவர் நிறுத்தியிருக்கலாம். மகள் பக்கத்தில் நிற்கிறாள், பேசுகிறாள், அப்பா அப்பா என்கிறாள். ஆனால் பல வருஷம் அடி வாங்கியவனுக்குத் தடவிக் கொடுக்கிற கை தெரியாது. அவர் கண் முழுக்க மச்சானின் நாற்காலி மேலேயே இருந்தது.

மச்சான் வந்தார். தொட்டியைப் பார்த்தார். முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு விரலால் டொக் டொக்கென்று தட்டினார். ஆறு மீனும் அடித்துப் பிடித்துக்கொண்டு வேருக்குப் பின்னால் போய் ஒளிந்தன.

"மாமா, தட்டாதீங்க. அதுங்களுக்குப் பயம்" என்றாள் மகள்.

"பயமா?" மச்சான் திரும்பி எல்லோரையும் பார்த்தார். "மாப்பிள்ளை, கடைசியில மீனும் உங்களை மாதிரியே பார்த்து வாங்கியிருக்கீங்க. ரெண்டு சோபாவை உள்ள போடுங்க, அதுங்களும் உட்கார்ந்து பார்க்கட்டும்."

வீடு சிரித்தது. மகளும் சிரித்தாள். அவள் சிரித்தது சோபாவில் உட்கார்ந்த மீனை நினைத்து. அவருக்கு அது தெரியவில்லை. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் வெளியில் ஒன்றும் காட்டவில்லை. டீ கொண்டுவந்து மச்சான் கையில் கொடுத்தார்.

பிறகு மச்சானின் பிறந்தநாள் நெருங்கியது. கடை ஆட்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கே சாப்பிட வருவதாகச் சொல்லி அனுப்பினார். மகளுக்கு அப்போது பரீட்சை. "நீ படிம்மா. மீனுக்கு நான் போட்டுக்கிறேன்" என்றார் அவர். அவளுக்கு அது பெரிய உதவியாகப் பட்டது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். இடையிடையே உள்ளேயிருந்து குரல் வரும்: "அப்பா, போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

அவர் போடவில்லை. ஒரு நாளும் போடவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் அவர் போனாலே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் பார்க்காதவர்போல் திரும்பி வந்தார். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாது தன்னைவிடச் சாதுவான ஒன்றின் மேல்தான் முதலில் பாயும் என்று அந்தப் பழமொழியில் இல்லை.

விருந்தன்று காலை மகள் பரீட்சை முடிந்த நிம்மதியில் நிதானமாகத் தொட்டி முன்னால் வந்து நின்றாள். ஐந்து மீன்கள் கண்ணாடிக்கு வந்தன. அவள் குனிந்து வேருக்குப் பின்னால் பார்த்தாள். பொடிசின் தலையும் முதுகெலும்பில் கொஞ்சமும் வேரில் சிக்கியிருந்தன.

"அப்பா, நேத்து போட்டீங்களா?"

"போட்டேன்மா. அதுங்க குணமே அப்படித்தானே. என்ன செய்ய முடியும்?"

அவள் சமையலறைக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தாள். பரீட்சைக்கு முன்னால் அவள் கட்டி வைத்த பைகள் வைத்த இடத்திலேயே, போட்ட முடிச்சு போட்டபடி, உறைந்து கிடந்தன. அவர் பின்னாலேயே வந்து நின்றார். இனிமேல் மறைக்க முடியாது என்று தெரிந்தபோது வார்த்தை தடுமாறியது.

"மாமா வரப்போ அதுங்க பாய்ஞ்சு சாப்பிடணும்மா. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சீங்களே. ஒரு தடவை... ஒரே ஒரு தடவை காட்டிடலாம்னு."

அவள் ஃப்ரீசர் கதவைச் சாத்தினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"மாமாகிட்ட ஒரு வார்த்தை, போதும் நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாமேப்பா. நான் உங்க பக்கம் நின்னிருப்பேன். அதை விட்டுட்டு, வாயில்லாத ஜீவனோட வயித்துலயா அடிப்பீங்க?"

மனைவி உள்ளே வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விருந்துச் சமையலைத் தொடர்ந்தாள்.

மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். மச்சான் வழக்கம்போல ஆரம்பித்தார்: "எங்கே நம்ம பயந்தாங்கொள்ளிங்க?" சோபா மூடியைத் திறந்து, ஒரு முழு மீனை வாலைப் பிடித்தபடியே தண்ணீரில் இறக்கினார். ஐந்தும் ஒரே சமயத்தில் பாய்ந்தன. தண்ணீர் தொட்டி விளிம்புக்கு மேலே தெறித்தது. கையில் வாலைத் தவிர எதுவும் மிச்சமில்லை. மச்சான் "ஐயோ" என்று பின்னால் சாய்ந்ததில் நாற்காலி கவிழ்ந்து, கையிலிருந்த டீ சட்டை முழுக்கக் கொட்டியது. கடை ஆட்களில் ஒருவன் கைதட்டினான்.

"மாப்பிள்ளை" என்று மச்சான் சட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்கிறது தெரியாமப் போச்சே." அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் யாரையும் நடித்துக் காட்டவில்லை. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, "வரட்டுங்களா மாப்பிள்ளை?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

இத்தனை வருஷம் ஏங்கியது நடந்துவிட்டது. சோபா திரும்பி மகளைத் தேடினார். அவள் ஹாலில் இல்லை. கூட்டம் தொட்டியைச் சுற்றி நின்ற நேரம் முழுக்க அவள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறாள்.

எல்லோரும் போன பிறகு அவள் வாளியும் குழாயும் எடுத்துக்கொண்டு தண்ணீர் மாற்ற வந்தாள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற வழி குறுகல். இருவர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும். அந்த வழியில் அவரை இடிக்காமல் யாரும் போனதில்லை, அவர்தான் எப்போதும் சுவரோடு ஒட்டி வழி விடுவார். இன்றைக்கும் பழக்கத்தில் ஒதுங்கப் போனார். அதற்கு முன்னால் அவள், அந்தப் பெரிய வீட்டுத் தொட்டியைக் கண்ட ஆட்களைப் போல, ஒரு அடி பின்னால் வைத்து, வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரோரம் நின்றாள்.

"நீங்க போங்கப்பா" என்றாள்.

அவர் போனார்.