அருவியாற்றங்கரைச் சேறு

அரிப்புக் கிராமத்துக்கு அருகே அருவியாற்றின் ஒரு கரை, மணல் அள்ளி அள்ளி மொட்டையாகக் கிடக்கிறது. எதிர்க்கரையில் குடியிருக்கும் றிஸ்மியா, பழைய மீன்பெட்டிகளில் தன் பக்கத்துக் கரைமண்ணை நிரப்பித் தண்ணீர் தெளிக்கிறார். பெட்டியெங்கும் பச்சை முளைகள்.

"என்ன விதைச்சனீங்கள்?" என்று கேட்கிறேன்.

"ஒண்டும் விதைக்கேல்ல. மண்ணுக்குள்ள கிடந்த விதைதான் முளைக்குது. வளர்ந்ததும் அங்கால மொட்டைக் கரையில வைப்பம். போன முறை வாங்கி நட்ட மரக்கண்டெல்லாம் வெள்ளத்தோட போயிட்டுது. இந்தக் கரையிலயே முளைச்சதெண்டா வெள்ளத்தைத் தாங்கும்."

அவருடைய கரையில் நடந்து சேறான செருப்பைக் கழுவக் குழாயைத் திறக்கிறேன். றிஸ்மியா ஓடி வந்து குழாயை மூடுகிறார்.

"கழுவாதீங்கோ! அதையும் பெட்டிக்குள்ள தட்டுங்கோ."

"இதில என்ன முளைக்கும்?"

"முளைச்சாத்தானே தெரியும்."

தட்டுகிறேன். பிறகு ஓர் ஈர்க்குச்சியை எடுத்து, செருப்பின் இடுக்கில் ஒட்டியிருப்பதையும் சுரண்டிப் போடுகிறேன்.