மூடியை மாட்டி எடுத்த படம்

ராஜபாளையம் மில்லில் எங்கள் போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசர் சட்டைப் பையில் மட்டும் ஒல்லியாக ஒரு டிஜிட்டல் கேமரா இருக்கும். பேசும்போதெல்லாம் அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

மெஷினில் என் மனைவிக்கு இரண்டு விரல் போன அன்று, அவளை வேனில் ஏற்றிவிட்டு, அவள் செருப்பை எடுக்க உள்ளே ஓடினேன். சூப்பர்வைசர் பல்சக்கரத்துக்கு ஆள் வைத்து மூடி மாட்டிக்கொண்டிருந்தார். வேலை வேகமாக ஓட வேண்டுமென்று அதைக் கழற்றச் சொன்னவரே அவர்தான். மாட்டியதும் படமெடுத்தார்.

"இப்ப எதுக்கு சார் மாட்டுதீய?"

"ரிப்போர்ட்டுக்குப் போற படம்லே. செத்த தள்ளி நில்லு, ஒன் நிழலு விழுது."

அந்தப் படத்தைக் காட்டி, மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டது அவள் தப்பு என்று எழுதி, வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அந்த சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் அதே கேமரா.

"எம்புட்டு போன் வந்தாலும் இதுக்கு ஈடாகாதுலே. உள்ளத உள்ளபடி காட்டும்," என்றார். "வீட்ல சௌக்கியமா?"

கேலி இல்லை. உண்மையாகவே விசாரித்தார். என் மனைவியின் விரல் போனது அந்த ஆளுக்கு நினைவிலேயே இல்லை.