சித்தியின் பெடல் கம்பி

அறுப்பின் பண்டிகை ஞாயிறு. காலை எட்டே முக்காலுக்குச் சித்தி கால் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து இடது பெடலை மிதித்தார். வழக்கமாக இரண்டு பெடல்களும் சேர்ந்து இறங்கும். அன்று ஒன்றுதான் இறங்கியது. முதல் வரியிலேயே காற்றுப் போதாமல் பாட்டு இளைத்து நின்றது.

கம்பைநல்லூரை ஒட்டிய எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் சித்திதான் வாசிப்பார். இளம்பிள்ளை வாதத்தில் அவருக்கு வலது கால் சூம்பியிருந்தது. லேத் பட்டறை வைத்திருந்த அப்பா நான்கைந்து வாரம் மெனக்கெட்டு, இரண்டு பெடல்களையும் ஓர் இரும்புக் கம்பியால் பிணைத்துப் பற்றவைத்தார். சத்தத்தைக் கூட்ட முழங்காலால் தள்ளும் லீவரையும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றினார். அதன்பின் ஒரு காலே போதுமாயிருந்தது.

அந்தக் கம்பியைத்தான் சபைச் செயலாளர் முந்தின நாள் ஆள் வைத்து அறுத்து எடுத்திருந்தார். சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னையிலிருந்து பெரிய போதகர் வருகிறாராம்.

"துருப்புடிச்ச கம்பிம்மா. போட்டோ எடுப்பாங்க, அசிங்கமா இருக்காதுங்களா? ஒரு நாளைக்கு சமாளிச்சுக்கங்க."

"அப்ப உங்க கண்ணாடியக் கழட்டிக் குடுங்க," என்றார் சித்தி. "ஒரு நாளைக்கு நீங்களும் சமாளிங்க."

அவர் சிரித்துவிட்டுப் போனார். எப்படிச் சிரிக்க முடிந்தது? இத்தனை வருடம் கழித்து, போன வாரம் என் மகளின் பள்ளியில், வகுப்புப் படம் எடுக்க அவளது காதுக் கருவியைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

அந்தப் பண்டிகையன்று எனக்கு ஒன்பது வயது. அப்பா ஊரில் இல்லை. நான் ஆர்மோனியத்தின் அடியில் புகுந்தேன்.

"சித்தி, நா அழுத்தறேன், நீங்க வாசிங்க."

"வெளிய வாடி," என்றார் பல்லைக் கடித்தபடி.

நான் கேட்கவில்லை. இரண்டு கைகளாலும் வலது பெடலை அமுக்கினேன். பாட்டு எழுந்தது. சித்தியின் சேலை பெடலில் சிக்கிவிடக் கூடாதென்று அதை மேலே ஒதுக்கி, தொடைக்கு அடியில் செருகியும் விட்டேன். எங்கள் வீட்டிலேயே யாரும் பார்த்திராத அந்தக் கால், பூசணிக்காய்களும் கேழ்வரகுக் கதிர்களும் அடுக்கிய பலிபீடத்துக்குப் பக்கத்தில், சபை முழுக்கப் பார்க்க வெளியே கிடந்தது. சித்தி ஒரு சுரம்கூடத் தவறவில்லை.

பத்தரை மணிக்குத்தான் போதகர் வந்து சேர்ந்தார். செயலாளர் நடந்ததைச் சொல்லக் கேட்டு, தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்த என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"இந்தப் பாப்பா இருக்கும்போது கம்பி எதுக்கு? இனி வாராவாரம் இப்படியே வாசிக்கலாமே, என்ன சிஸ்டர்?"

சபை கைதட்டியது. நான் கும்பிட்டேன். சித்தி மட்டும் ஏன் கைதட்டவில்லை என்று எனக்குக் கோபமாக வந்தது.