காலி இடத்தைத் துடைத்தவன்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ், மில், பள்ளிக்கூடம் என்று எங்கிருந்து வந்தாலும் பாதி மிஷின்களுக்குப் புகார் ஒன்றுதான். இடமில்லை என்று சொல்கிறது, மெதுவாக ஓடுகிறது. திறந்தால் விசிறியில் கரிசல் புழுதி அடையாக அப்பியிருக்கும். அதை ஊதிவிட்டு, டிஸ்க்கில் சேர்ந்த குப்பையை ஒரு மென்பொருளை வைத்துக் கூட்டித் தள்ளிக் கொடுப்பேன். அலுப்பான வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமைதான் காரணம் என்று பின்னால் யோசித்ததுண்டு. எங்கள் பக்கத்தில் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அந்த வருஷக் கோடையில் அங்கே ஒரு சண்டை. டிஸ்க்கைச் சுத்தம் செய்யும் மென்பொருள்கள் மூன்றில் எது உண்மையிலேயே அழிக்கிறது? ஒரு ஃபைலை அழித்தால் அது உடனே போய்விடுவதில்லை. இந்த இடம் காலி என்று மிஷின் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும், தெரிந்தவன் மீட்டுவிடலாம். மீட்க முடியாமல் செய்ய வேண்டுமென்றால் காலி இடம் முழுக்கப் பூஜ்யங்களை எழுதித் துடைக்க வேண்டும். மூன்று மென்பொருளும் அதைச் செய்வதாகச் சொல்லின. நான் சோதித்துச் சொல்கிறேன் என்று குழுவில் எழுதிவிட்டேன். எழுதிய மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் அவன் வந்தான்.

என் வயதுதான் இருக்கும். கழுகுமலை ரோட்டில் அவன் குடும்பத்துக்குத் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது ஒரு சின்னத் தீப்பெட்டித் தொழிற்சாலை. ஒரு பழைய லேப்டாப்பையும் வெளியில் மாட்டும் டிஸ்க் ஒன்றையும் பையிலிருந்து எடுத்து வைத்தான்.

"மிஷினு நல்லாத்தான் ஓடுது அண்ணாச்சி. இதுல ரெண்டு ஃபோல்டர் இருக்கு, அது போகணும். அழிச்சாலும் எடுத்திரலாம்னு சொல்லுதாவளே, அப்படி எடுக்க முடியாதபடி போகணும். இந்த டிஸ்க்குலயும் அப்படித்தான்."

"மொத்தமாத் துடைச்சுப் புதுசாப் போட்டுத் தந்திரட்டுமா?"

"அது வேண்டாம். திறந்து பார்த்தா எப்பவும் போல இருக்கணும். அது ரெண்டு மட்டும் இருக்கப்படாது."

லேப்டாப்பைத் திறந்ததும் முகப்பில் ஒரு படம் வந்தது. வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், கிணற்றுச் சுவரில் சாய்ந்து, கையில் பேனா போன்ற ஒரு அளவுக் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இது யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு வேண்டிய சோதனைப் பொருள் தானாக வந்து சேர்ந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

சோதனை நேர்மையாக இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தேன். மூன்றுக்கும் ஒரே நிலைமை வேண்டுமே. அதனால் முதலில் அந்த லேப்டாப்பின் டிஸ்க்கை முழுவதுமாக என்னுடைய ஸ்பேர் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் பழையபடி ஏற்றி, அடுத்ததை ஓட்டினேன்.

முதல் மென்பொருள் பார்க்க அழகு. பச்சை வட்டம் சுற்றும். முடிந்ததும் 'உங்கள் கணினி தூய்மையானது' என்று வாழ்த்தும். பிறகு மீட்கும் மென்பொருளை விட்டேன். அழித்த அத்தனையும் வரிசையாக எழுந்து வந்தன. பெயர்களைப் படித்தேன். 'கிணறுகள் – முதல் கோடை', 'கிணறுகள் – இரண்டாம் கோடை', அப்படியே நான்காம் கோடைவரை. 'அத்தியாயம் நான்கு – திருத்தியது'. 'அத்தியாயம் நான்கு – திருத்தியது – கடைசி'. 'கடைசி' என்று பெயரிட்டவை மட்டுமே ஐந்தாறு இருந்தன. மீண்டது சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க ஒன்றைத் திறந்தேன். புதூர் பக்கத்து ஊர்களின் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்த அட்டவணை. நன்றாகத் திறந்தது. அதை ஒரு போட்டோ எடுத்து, 'முதலாவது சுத்த வேஸ்ட்' என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

இரண்டாவது அரைகுறை. பெயர்கள் வந்தன, உள்ளே பாதிதான் இருந்தது. ஒரு அத்தியாயம் நடு வாக்கியத்தில் நின்றுபோயிருந்தது. மூன்றாவதுக்கு அலங்காரம் எதுவும் இல்லை. ஒன்றரை நாள் ஓடியது. முடிந்தபின் மீட்கும் மென்பொருளை விட்டால் ஒரு பெயர்கூட எழவில்லை. தனி டிஸ்க்கையும் அதைக் கொண்டே துடைத்தேன். குழுவில் எல்லாரும் கைதட்டினார்கள்.

அவன் வாங்க வந்தபோது திரையைத் திருப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்தான்.

"வேற எங்கயும் காப்பி இல்லல்லா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போய்விட்டிருப்பான். ஆனால் வேலையை எவ்வளவு முறையாகச் செய்தேன் என்று சொல்லும் ஆசையில், "சோதிக்கதுக்கு ஒரு பிரதி எடுத்து வச்சிருந்தேன்" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அதையும் அழிச்சிருங்க."

அதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அது ஒருவரின் நான்கு வருஷத்து ஆராய்ச்சி, அந்த ஒருவர் இவன் அல்ல, அவருக்கு இது தெரியாது. தெரிந்தே அந்த ஸ்பேர் டிஸ்க்கை மாட்டித் துடைக்கவிட்டேன். அதில் எதையும் விட்டுவைக்க வேண்டியதில்லை என்பதால் அரை நாளில் முடிந்துவிடும். அவன் மத்தியானம் முழுக்க அங்கேயே இருந்தான். கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தான், போனில் யாரிடமோ குச்சி லோடு பற்றிப் பேசினான். வேலை எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் கோடு முழுக்க நிறைந்ததும் எழுந்து என் தோளைத் தட்டினான்.

"சுத்தமான வேலை அண்ணாச்சி."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். படத்தில் பார்த்த பெண் அதே லேப்டாப்போடு மாடியேறி வந்தார். முகம் வீங்கியிருந்தது. தூக்கம் கெட்டவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அண்ணாச்சி, வீட்டுக்காரவியதான் இங்கன கொண்டு போகச் சொன்னாவ. நல்லாப் பாப்பாவ, போனதை எடுத்துத் தருவாவன்னு சொன்னாவ. என் ஃபோல்டர் ரெண்டும் காணல. வைரஸா இருக்கும்னு சொல்லுதாவ."

அவனே அனுப்பியிருக்கிறான், என்னிடமே. எதற்கு என்று எனக்குப் புரிந்தது. தேடிப் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை என்று வெளியாள் ஒருவன் வாயிலிருந்து வர வேண்டும்.

"வேற எங்கயும் வைக்கலியாம்மா?"

"தனி டிஸ்க்குல வச்சிருந்தேன், அதுலயும் இல்ல. ஆன்லைன்ல வச்சிருந்தேன், அதுவும் காலி. நோட்டு எல்லாம் வீடு வெள்ளையடிக்கும்போது தெரியாம எடைக்குப் போட்டுட்டாவளாம். கைடுகிட்ட முதல் ரெண்டு அத்தியாயம் இருக்கு. அளவெல்லாம் இதுலதான்." லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். "அடுத்த மாசம் தீசிஸ் கொடுக்கணும் அண்ணாச்சி. மறுபடி அளக்கலாம்னாலும் போன கோடையில உள்ள தண்ணிய இப்ப எப்படி அளக்கது?"

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "பாத்திருவோம்" என்று சொல்லி மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். ஒன்றும் வராது என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஆள் நான். அவர் திரைக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து சதவீதம், இருபது. நாற்பதில் என்னைத் திரும்பிப் பார்த்து, "பின்னாடிதான் இருக்கும், கடைசியா சேத்ததுதானே" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். எழுபதில் கையைக் கூப்பி மடியில் வைத்துக்கொண்டார். நான் வேறொரு மிஷினின் விசிறியை, அது சுத்தமாக இருந்தபோதும், துடைத்துக்கொண்டிருந்தேன்.

நூறு வந்தது. கிடைத்தவை: பூஜ்யம்.

"டிஸ்க் பழசும்மா. அதுவாப் போயிருக்கு" என்றேன். நம்பட்டும் என்று, டிஸ்க்கின் காலி இடத்தில் இருப்பதை அப்படியே காட்டும் திரையையும் திறந்து வைத்தேன். பக்கம் பக்கமாகப் பூஜ்யங்கள்.

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மவுஸை என் கையிலிருந்து வாங்கித் தானே உருட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு மெதுவாகப் பேசினார்.

"நாலு வருஷமாப் புழங்குன மிஷின் அண்ணாச்சி. படம் பாத்து அழிச்சிருக்கேன், பாட்டு அழிச்சிருக்கேன். அந்தக் குப்பைல ஒண்ணுகூட வரலியே?"

துடைத்துக்கொண்டிருந்த விசிறியை மறுபடி கையிலெடுத்தேன்.

"கெட்டுப்போன டிஸ்க்னா அங்கங்க சொத்தையால்லா இருக்கும்? இது கழுவி வச்ச மாதிரி இருக்கு. யாரோ உக்காந்து செஞ்சிருக்காவ." திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார். "நீங்கதானா?"

ஆமாம் என்றேன். யார் கொண்டுவந்தது என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"எதை வச்சு அழிச்சீங்க?"

சொன்னேன். மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததைச் சொன்னேன். முதலாவதில் எல்லாம் வந்ததா என்று கேட்டார். வந்தது. இரண்டாவதில்? பாதி. எந்தப் பாதி? தெரியாது. மூன்றாவது எவ்வளவு நேரம் எடுத்தது? ஒன்றரை நாள். ஒவ்வொரு பதிலுக்கும் லேசாகத் தலையை அசைத்தார். ஒரு மாணவனின் ஆய்வைக் கேட்கிறவர் அப்படித்தான் அசைப்பார் என்று நினைக்கிறேன்.

"நீங்க காப்பி ஏதும் எடுத்து வைக்கலியா?"

"இல்லம்மா" என்றேன்.

அதற்குப்பின் ஏதாவது கொடுத்தாக வேண்டும் போல இருந்தது. குழுவில் போட்ட போட்டோவைப் போனில் தேடி எடுத்து நீட்டினேன். அவருடைய நான்கு வருஷத்து அளவுகளில் மிச்சம் அந்த ஒரு படம்தான். இரண்டு விரலால் பெரிதாக்கி, ஊர் பெயர், கிணறு, அளவு என்று வரிவரியாகப் பார்த்தார். படத்துக்குக் கீழே நான் எழுதியிருந்ததையும், மற்றவர்கள் போட்டிருந்த சிரிப்புப் பொம்மைகளையும் பார்த்திருப்பார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது திருத்துறதுக்கு முந்தினது. கருவி பழுதா இருந்தப்ப எடுத்த அளவு. எல்லாம் தப்பு."

லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார். வாசல்வரை போனவர் நின்றார்.

"அவிய கேட்டா டிஸ்க் போச்சுன்னே சொல்லுங்க. எனக்குத் தெரியும்னு அவியளுக்குத் தெரிய வேண்டாம்."

"ஏம்மா?"

"தெரிஞ்சிட்டா நான் அந்த வீட்ல இருக்கக் கூடாது அண்ணாச்சி. எங்க போவேன்? வேலைக்குப் போறதுக்குத்தான் இதை எழுதுனேன்." சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார். நான் பயந்து சொன்ன பொய்யை அவர் எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு அது தேவைப்பட்டது.

அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குக்குப் புது லேப்டாப் வேண்டுமாம். இனிமேல் அவர்தான் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறாராம். அவன் தாராளமாகப் பேசினான். மனைவிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"பாவம் அண்ணாச்சி, நாலு வருஷம் வெயில்ல அலைஞ்சா. டிஸ்க் இப்படியா கழுத்தறுக்கும்? எப்படிப் போகுதுன்னு இவளுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க. மனசு ஆறும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். துளி நடுக்கம் இல்லை. எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் அவனுக்கு வேடிக்கை. அவர் மேஜையில் கிடந்த விலைப் பட்டியலைப் பார்த்தபடி இருந்தார்.

விளக்கிச் சொன்னேன். உள்ளே தட்டு சுழலும் என்றேன். மேலே ஒரு முள் உரசாமல் ஓடும், புழுதியும் சூடும் சேர்ந்தால் ஒரு நாள் அது தட்டில் இடித்துவிடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். நன்றாகவே சொன்னேன். அவன் உச்சுக்கொட்டினான்.

"புரிஞ்சுதா?" என்று அவரைக் கேட்டான்.

"புரியுது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "புது மிஷின்ல அந்த மூணாவதையும் போட்டுக் குடுங்க அண்ணாச்சி" என்றார்.

"எது மூணாவது?" என்றான் அவன்.

"இடத்தைச் சுத்தமா வச்சிக்கிற சாப்ட்வேர்" என்று அவனுக்குச் சொன்னார். "நல்லாருக்குமாம்."

போட்டுக் கொடுத்தேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். அவர் படியைப் பார்த்துப் பின்னால் இறங்கினார். அன்று சாயங்காலம் குழுவில் யாரோ ஒரு புது மென்பொருளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள், சோதித்துச் சொல்ல முடியுமா என்று. என்னிடம் காலி டிஸ்க் இல்லை என்று எழுதினேன். இருந்தது. அந்த ஸ்பேர் டிஸ்க் அலமாரியில்தான் கிடந்தது. பிரதி ஒன்று இருந்தது என்பதை இதுவரை அவரிடம் சொல்லவில்லை.