விழாது என்று சொன்ன நாள்

விமானத்தில் எது எப்படியெல்லாம் பழுதாகும், அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. அதை ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் போன் போட்டு நன்றி சொல்வதில்லை என்பது இதே தொழிலில் இருக்கும் சக பாவிகளுக்குத் தெரியும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அலுவலகம் சொன்னதும், அமைதி வேண்டுமென்று கொல்லிமலையில் சோளக்காடு என்ற ஊர்ப் பக்கம் வீடு பிடித்தேன். அமைதி கிடைத்தது, அளவுக்கு அதிகமாகவே.

இரண்டு பம்பு

ஒரு விமானத்தின் பிரேக்குக்கு இரண்டு பம்புகள் இருக்கின்றன, இரண்டும் சேர்ந்தாற்போல் போகாது என்று வடிவமைப்புக் குழு நிம்மதியாக இருந்தது. பழுதாகும் வழிகளை ஒன்றுவிடாமல் தேடிய என் மென்பொருள், இரண்டுக்கும் ஒரே ஒயரில் கரண்ட் வருவதைக் கண்டுபிடித்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீடியோ மீட்டிங்கில் சொன்னேன். ஒயரிங் பார்க்கும் குமரன்தான் முதலில் வாயைத் திறந்தார்: "மலை மேல உக்காந்துக்கிட்டு எங்க தீபாவளி லீவுக்கு வேட்டு வெச்சிட்டீங்களே மேடம்."

கேக்

அந்த பிரேக் ஒருவழியாகச் சோதனையில் தேறியதும் ஆபீசில் கேக் வெட்டினார்கள். நான் இங்கிருந்து கைதட்டினேன். கேமராவை அணைக்க மறந்து எல்லோரும் போய்விட, காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளிப்பானேன், அழுகை வந்தது. மறுநாள் குமரன் ஆறுதல் சொன்னார்: "உங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வெச்சோம் மேடம், மேனேஜர் பசிக்குதுன்னாரு."

பொன்னி ஏறிய விமானம்

இங்கே என்னோடு தினமும் பேசும் ஆட்கள் இரண்டே பேர்: பக்கத்துக் காட்டில் மிளகும் மரவள்ளியும் போடும் செல்லையன் அண்ணன், அவர் மனைவி பொன்னி. பொன்னிக்குக் குவைத்தில் வீட்டு வேலை கிடைத்தது. அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. "ஏனுங்க அம்மிணி, ப்ளேனு உழுகாதுங்களே?" என்று கேட்டார்.

"கிட்டத்தட்ட விழாதுங்கண்ணா" என்றேன். எங்கள் தொழிலில் இதைவிட உறுதியாக யாரும் பேசமாட்டோம். அவர் முகம் செத்துப்போனது. போகவே வேண்டாம் என்று பொன்னியிடம் மல்லுக்கு நின்றிருக்கிறார். பொன்னி என்னிடம் வந்து அழுதார். அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை. படித்த படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு அண்ணனிடம் போய், "விழாதுங்கண்ணா, நான் சொல்றேன்" என்றேன். அவர் சாப்பிட்டார்.

பொன்னி பறந்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. போனில் அந்த விமானம் கடல்மேல் நகர்வதையே பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மரவள்ளி நட்ட மண் கையோடு அண்ணன் வந்தார். பொன்னி இறங்கிப் போன் பண்ணிவிட்டாராம். என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார்: "நீங்கதானுங்க உழுகாதுன்னீங்க, அப்பறம் எதுக்குங்க அம்மிணி பொழுதனைக்கும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

ஆக, நம் கணக்கை நம்பி நிம்மதியாக இருக்க உலகத்தில் எல்லோராலும் முடியும், நம்மைத் தவிர.