பார்க்காத பதினான்கு வரிசைகள்

அறுபதுகளின் கடைசியில் வடக்குப்பட்டிலிருந்து தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய்வந்தேன். ஒரகடம் வரை நடை, பிறகு இரண்டு பஸ். இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் நுண்ணோக்கி பார்க்கும் வேலை. பள்ளியிறுதி முடித்த பெண்கள் ஐந்து பேர் இருந்தோம்.

நாங்கள் பார்த்தவை பலூனில் கட்டி உயரே அனுப்பி, இறக்கி, பிலிம்போலக் கழுவிய கண்ணாடித் தகடுகள். மேலே கனமான போட்டோப் பூச்சு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களால் அணுவைவிடச் சிறிய துகள் ஏதாவது அதற்குள் பாய்ந்தால், போன வழியில் கறுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். மெதுவாகப் போனால் நெருக்கமாக, வேகமாகப் போனால் இடைவெளி விட்டு. துகளைக் கண்ணால் பார்க்க முடியாது. அது போன தடம்தான் கிடைக்கும். தகட்டை வரிசை வரிசையாக, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, தடம் இருந்தால் அளந்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் ‘இல்லை’. பெரும்பாலும் ‘இல்லை’தான்.

“இன்னாடி, கண்ணு இப்டி செவந்துகீது? வேலைய வுட்டுடு” என்பாள் அம்மா. அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். எப்படி விடுவது?

ஒரு மழைக்கால மதியம், கண் எரிச்சல் தாங்காமல், பதினான்கு வரிசைகளுக்குப் பார்க்காமலே ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன். நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள், எங்கள் வேலையை மேற்பார்த்த ஆராய்ச்சியாளரிடம் போய்ச் சொன்னேன்.

“ஏம்மா?”

“முடியல சார்.”

“நீங்க ‘இல்லை’ன்னு எழுதறதையும் நம்பித்தான் நாங்க கணக்கு போடறோம். திரும்பப் பாத்துடுங்க.”

அன்றாட வேலைக்கு நடுவே மூன்று நாள் பிடித்தது. பன்னிரண்டாவது வரிசையில் ஒரு தடம் வந்து நின்றிருந்தது. நின்ற இடத்திலிருந்து வேறு பக்கமாகக் குட்டையாக இன்னொன்று. அவரைக் கூப்பிட்டேன்.

“இது பையான்னு ஒரு துகள். நின்னு, மியூவான்ங்கற வேற துகளா மாறியிருக்கு. இந்தக் குட்டைத் தடம் எப்பவும் ஏறக்குறைய ஒரே நீளம்தான் இருக்கும், அளந்து பாருங்க.”

அளந்தேன். அவர் சொன்னபடியே இருந்தது.

“புதுசா சார்?”

“இல்லம்மா, தெரிஞ்சதுதான். ஆனா இதுவும் கணக்குல வரணும்.”

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை, கழுத்து வலித்தது. அடுத்த வாரம் முதல், ஒவ்வொரு தகட்டையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றார். மணிக்கொரு தடவை எழுந்து நடக்கவும் சொன்னார். பதினோரு வருடம் அங்கேயே இருந்தேன், இரண்டாம் வருடத்திலிருந்து மூக்குக்கண்ணாடியோடு.