வெளிச்சம் பார்க்க நின்றவர்

இன்று நூலக மாடியில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை! லிஃப்ட் ரிப்பேருக்கு வரவில்லை. தான் எடுத்த படங்களை மாட்ட, சுத்தியலும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. "என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன், மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார். அவர் சொன்னதையும் அப்புறம் நான் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து அப்படியே எழுதுகிறேன்.

கூட வேலை பார்ப்பவர்கள் அவரை "மேல்கீழ்" என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க ஜன்னலே இல்லாத குழிக்குள், இரும்புக் கயிறும் கிரீஸும்தான் அவர் பார்க்கிற காட்சி. அதனாலோ என்னவோ, லீவு விட்டால் போதும், கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணை எதுவும் மறைக்காத இடமாகத் தேடிப் போவார். கடற்கரை, மலையுச்சி, அறுவடை முடிந்த வெட்டவெளி. கூடவே மனைவி. அந்த அம்மா ரெடிமேட் துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கிறவர்.

எங்கே போனாலும் முதல் படம் மனைவியைத்தான். "அங்க கொஞ்சம் நில்லேன், வெளிச்சம் பாக்கணும்." நிற்பார். க்ளிக். "சரி, தள்ளிக்கோ." தள்ளிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் மலையோ கடலோ, நிஜப் படம்.

மனைவிக்கு ஒரே ஒரு கண்டிஷன். "என் மூஞ்சியப் படத்துல பாத்தா எனக்கே பயமா இருக்கு. வெளிச்சம் பாத்ததும் அழிச்சிடணும்."

"அழிச்சிடறேன்."

ஒன்றைக்கூட அழிக்கவில்லை! ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அழிக்கிற பட்டன் வரைக்கும் விரல் போகுமாம், அப்படியே திரும்பி வந்துவிடுமாம்.

லிஃப்ட்காரர் இல்லையா, கம்ப்யூட்டரிலும் படங்களை மாடி எண் போட்ட ஃபோல்டர்களில்தான் அடுக்கி வைத்திருக்கிறார். தரைத்தளம் பூஜ்யம், அதில் மனைவி நின்ற சோதனைப் படங்கள். மேலே போகப் போகத் தரம் ஏறும். உச்சி மாடியில், ஊருக்குக் காட்டலாம் என்கிற படங்கள். லிஃப்ட்டுக்குள் பொத்தான்கள் இருக்கிற மாதிரி, அவர் திரையில் உச்சி மாடிதான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்.

நூலகத்தில் ஒரு சுவர் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல் கண்காட்சி! மனைவியின் தம்பி பிரின்ட் கடை வைத்திருக்கிறான். அவனிடம் பென்டிரைவைக் கொடுத்து, "எல்லாத்துக்கும் மேல இருக்கற ஃபோல்டர்டா. கண்ண மூடிக்கிட்டுப் போட்டுடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கடைக் கம்ப்யூட்டரோ உலக வழக்கப்படி சின்ன எண்ணிலிருந்து அடுக்கி, பூஜ்யத்தை மேலே வைத்துவிட்டது.

இன்று மதியம் மச்சினன் எல்லாவற்றையும் சட்டம் போட்டு, காகிதம் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினான். மெக்கானிக் பிரித்தார். மனைவி. அடுத்ததைப் பிரித்தார். மனைவி கொட்டாவி விடுகிறார். அதற்கடுத்ததில் குனிந்து செருப்பு வாரைப் போடுகிறார். இன்னொன்றில், காற்றில் குடை திரும்பிக்கொள்ள, யாரையோ திட்டுகிறார். யாரை என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

"டேய், என்னடா இது?"

"மாமா..." மச்சினன் கையிலிருந்த சட்டத்தைக் கீழே வைத்தான். "ஒவ்வொண்ணா வெளிய வர வர எனக்கு அழுகையே வந்துடுச்சு மாமா. இத்தன நாளா உங்களுக்கு எங்கக்கா மேல பாசமே இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன். மன்னிச்சிடுங்க."

"பாசமாவது ஒண்ணாவது! உங்கக்கா இதப் பாத்தா என் தோல உரிச்சு இதே சட்டத்துல மாட்டிடுவாடா!"

சாயங்காலம் திறப்பு. திரும்ப அச்சடிக்க நேரமில்லை. சுவர் காலியாகக் கிடந்தால்கூடப் பரவாயில்லை, "அழிச்சிட்டேன்" என்று இத்தனை வருஷம் சொன்னது பொய் என்று தம்பி மூலமாவது மனைவிக்குத் தெரியப்போகிறதே, அதுதான் அவருக்குப் பெரிய கவலை. படங்களைத் தரையில் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து ஆணி அடிக்க ஆரம்பித்தார்.

"என்ன மாமா, மாட்டப் போறீங்களா?"

"உங்கக்கா பாக்கட்டும். வேணாம்னு சொன்னா, ஜனம் வர்றதுக்குள்ள கழட்டிடலாம்."

மனைவி கடையிலிருந்து நேராக வந்தார், கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல். முதல் படத்தின் முன்னால் நின்றார். அடுத்த படம். அதற்கடுத்தது. மெக்கானிக் சுத்தியலைக் கீழே வைக்கவும் மறந்து பின்னாலேயே போனார்.

"அழிச்சிட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஒவ்வொரு தடவையும் சொன்னீங்க."

"ஒவ்வொரு தடவையும் அழிக்கத்தாம்மா போனேன். மனசு வரல. நீ வேணாம்னு சொல்லு, இப்பவே கழட்டிடறேன்."

மனைவி ஒரு படத்தை நெருங்கிப் பார்த்தார். "இந்தக் கோட்டுக் கையில தையல் விட்டிருக்கு. சொல்ல மாட்டீங்களா? இதப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தியிருக்கேன்!"

மச்சினன் களுக்கென்று சிரித்தான்.

"நீ வாய மூடு. ஏங்க, உங்க மலை, கடலெல்லாம் எங்க?"

"பென்டிரைவ்லயே கெடக்கு. கெடக்கட்டும். மலை யார் வந்தாலும் நிக்கும். கடலுக்கு நான் யாருன்னே தெரியாது. நீ நான் கூப்பிட்டதுக்காக நின்ன. கால் வலிச்சாலும் நின்ன. இன்னிக்கு வரிசையா வச்சுப் பாத்தப்பதான் எனக்கே உறைச்சுது."

சொல்லிவிட்டு அவரே அசந்துபோனார். இவ்வளவு நீளமாக அவர் பேசியதே இல்லையாம்.

"பேச்சப் பாரு," என்று மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிய இடத்தில் அவர் கொட்டாவி விடுகிற படம். அதற்குக் கீழே, மலைப் படத்துக்காக முன்கூட்டியே அடித்து ஒட்டியிருந்த அட்டை: "பனிமலை, அதிகாலைப் பொன்னொளியில்."

மனைவிக்கு அடக்க முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார். "நான் பனிமலையா? பேனா குடுடா."

பொன்னொளியை அடித்துவிட்டுத் தன் கையெழுத்தில் எழுதினார்: "விடியறதுக்கு முன்னாடியே எழுப்பிட்டார். இன்னும் டீ கூட குடிக்கல." குடைப் படத்துக்குக் கீழே: "கேமரா நனையுதுன்னு கவலைப்படறார். நான் நனையறது கண்ணுக்குத் தெரியல." எழுத எழுத உற்சாகம் பிறந்து, எல்லா அட்டையையும் திருத்திவிட்டார்! மெக்கானிக் ஒவ்வொன்றாகப் படித்து, குட்டு வாங்கிய பையன் மாதிரி தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

கடைசிப் படத்தை மட்டும் மனைவி ஆணியிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஏம்மா, அது நல்லா வந்திருக்கே!"

"மத்ததுல எல்லாம் வெளிச்சத்துக்காக நிக்கறேன். இதுல உங்களப் பாக்கறேன். ஊருக்கு எதுக்கு அது? வீட்ல மாட்டுங்க."

அந்த ஆணி இப்போதும் வெறுமையாகத்தான் இருக்கிறது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். கண்ணில் தூசி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் படங்கள் சுவரில் இருக்கும். சாயங்காலங்களில் அந்த அம்மாவும் அங்கேதான் இருப்பார். அட்டையில் எழுத இடம் பத்தாத பாதிக் கதை அவர் வாயில் இருக்கிறது, கேட்காமல் வந்துவிடாதீர்கள். உங்களோடு ஊர் சுற்ற வந்து, மூட்டை தூக்கி, வெயிலில் காத்து நிற்கிற ஆள் ஒருவர் இருப்பார் இல்லையா? அவருக்கு இதை அனுப்புங்கள். முடிந்தால் கையோடு கூட்டிக்கொண்டே போங்கள்.